வலி சொல்லாத உடம்பு

1975 ஜனவரியில் பெங்களூரில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வு நடந்தது. பொறியியல் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த எஸ். ராமகிருஷ்ணன் கடைசிச் சுற்றுவரை வந்துவிட்டார். அந்தச் சுற்றில் உயரத்திலிருந்து விழுந்தார். தண்டுவடத்தில் அடிபட்டு, கைகால் நான்கும் செயலிழந்தன. தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள ஆய்க்குடி அவருடைய ஊர். 1981இல் அங்கேயே, ஓர் ஓலைக் கொட்டகையில் ஐந்து குழந்தைகளை வைத்துக்கொண்டு அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சையளித்த ராணுவ மருத்துவர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சஹலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கைகால் திரும்பவில்லை. ஆனாலும் ஒரு மனிதர் விழுந்த ஆறாம் ஆண்டில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கும் அளவுக்கு உடல் தேறியிருந்தார். அந்தக் காலத்து இந்தியாவில் தண்டுவடக் காயம் பட்ட எத்தனையோ பேருக்கு இது வாய்க்கவில்லை. வாய்க்காமல் போனதற்குக் காரணம் அடிபட்ட எலும்பில் இல்லை. உடம்பின் வேறு இடங்களில் இருந்தது.

தண்டுவடம் சுமார் 45 சென்டிமீட்டர் நீளம், சுண்டுவிரல் பருமன். மூளையின் அடியில் தொடங்கி, இடுப்பு முள்ளெலும்புகளின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் இருபுறமும் கிளைக்கின்றன. எந்த மட்டத்தில் அடி விழுந்தது என்பதைப் பொறுத்தே பிற்பாடு எது கைவசம் இருக்கும் என்பது அமைகிறது. கழுத்தின் மூன்றாவது முதல் ஐந்தாவது நரம்புகள் உதரவிதானத்தை இயக்குகின்றன. அதற்கு மேலே முழுமையாகச் சேதமானால் மூச்சுவிடவே கருவி வேண்டும். ஆறாவது நரம்பு தப்பிவிட்டால் மணிக்கட்டைப் பின்னோக்கி மடக்க முடியும். அப்படி மடக்கும்போது செயலற்ற விரல்கள் தாமாகவே சற்று மூடிக்கொள்ளும். அந்தச் சிறு பிடியை வைத்துத் தம்ளர் தூக்கவும் பேனா பிடிக்கவும் பழகியவர்கள் இருக்கிறார்கள். மார்பு மட்டத்தில் அடிபட்டால் கைகள் முழுசாக இருக்கும், கால்கள் போய்விடும். சிறுநீர், மலம் இரண்டையும் கட்டுப்படுத்தும் நரம்புகள் தண்டுவடத்தின் கடைக்கோடியில் இருக்கின்றன. ஆகவே மேலே எங்கே அடிபட்டாலும் அந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் போய்விடுகிறது.

‘நரம்பு அறுந்துபோச்சு’ என்றுதான் வீட்டில் சொல்வார்கள். உண்மையில் தண்டுவடம் இரண்டாக அறுந்துபோவது அபூர்வம். எலும்பு நழுவி அதை நசுக்குகிறது. நசுங்கிய இடத்தில் ரத்தம் கசிகிறது, வீங்குகிறது, இறக்கும் செல்கள் கொட்டும் ரசாயனங்கள் பக்கத்துச் செல்களையும் கொல்கின்றன. இந்த இரண்டாம் கட்டச் சேதம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் பரவுகிறது. பெங்களூரின் காக்ஸ் டவுன் போன்ற பழைய பேட்டைகளில் ஓட்டு வீடுகளை இடித்து நாலு மாடி எழுப்பும் இந்தக் காலத்தில், சாரத்திலிருந்து விழும் தொழிலாளியை நாலு பேர் கைகாலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்காரவைக்கிறார்கள். பதறிப்போய் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். கழுத்தும் முதுகும் ஒரே நேர்கோட்டில் அசையாமல் இருக்கும்படி ஒரு பலகையிலோ கதவிலோ கிடத்திக் கொண்டுபோனால், மிச்சமிருக்கும் நரம்பிழைகள் சில தப்பக்கூடும். அந்தச் சில இழைகள்தான் பிற்காலத்தில் ஒருவர் தன் கையால் சோறு உண்பாரா, பிறர் ஊட்ட வேண்டுமா என்பதை முடிவுசெய்யும். மேஸ்திரிகளுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் இதைக் கற்றுத் தருவது ஓர் அறுவைசிகிச்சை அரங்கு கட்டுவதைவிட முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

முதல் உலகப் போரில் தண்டுவடக் காயம் பட்ட வீரர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் இறந்தார்கள். பண்டைய எகிப்தின் மருத்துவச் சுருள் ஒன்று இதை ‘மருத்துவம் செய்ய முடியாத கேடு’ என்ற வகையில் வைத்தது. ஏறக்குறைய 1940கள் வரை மருத்துவர்கள் அந்தத் தீர்ப்பைத்தான் பின்பற்றினார்கள். அதை மாற்றியவர் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த லுட்விக் கட்மன். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். புதிய மருந்து எதுவும் அவரிடம் இல்லை. நோயாளிகளை இரவும் பகலும் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்கச் சொன்னார். சிறுநீர்ப்பையில் கிருமி சேராமல் பார்த்துக்கொண்டார். படுக்கையிலிருந்து எழுப்பி வேலை கொடுத்தார், விளையாடவைத்தார். 1948இல் 16 பேரை வைத்து அவர் நடத்திய வில்வித்தைப் போட்டியிலிருந்துதான் பாராலிம்பிக் வளர்ந்தது.

இரண்டு மணி நேரக் கணக்குக்குக் காரணம் தோல். தோலின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் அழுத்தம் பாதரச அளவில் ஏறக்குறைய 32 மில்லிமீட்டர்தான். எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவே மாட்டிய சதையின்மேல் விழும் அழுத்தம் இதைவிடப் பல மடங்கு. அந்த இடத்தில் ரத்தம் நின்றுவிடும். நமக்கெல்லாம் சில நிமிடங்களில் உறுத்தும், நினைக்காமலே நகர்ந்து உட்காருவோம். தூக்கத்தில்கூடப் புரண்டு படுக்கிறோம். தண்டுவடம் அடிபட்டவருக்கு உறுத்தல் என்ற அந்தச் சேதி மூளைக்குப் போகாது. பிட்டத்து எலும்பின் மேலோ வால்பகுதியிலோ குதிகாலிலோ சதை உள்ளிருந்து செத்துக்கொண்டு வரும். வெளியே தெரிவது ஒரு ரூபாய்க் காசு அளவு சிவப்பு மட்டும். அது புண்ணாகி எலும்புவரை போனால் மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டும். ரத்தத்தில் விஷம் பரவினால் உயிரே போகும்.

ஆகவே தோலைப் பார்ப்பது தினசரிக் காரியம். காலையில் ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்துப் பின்புறத்தை, குதிகாலை, கால்விரல் இடுக்கைப் பார்க்க வேண்டும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரு கைகளையும் ஊன்றி உடம்பை மேலே தூக்கிச் சற்றுநேரம் நிறுத்த வேண்டும். அல்லது முன்னே குனிந்து, பக்கவாட்டில் சாய்ந்து எடையை மாற்ற வேண்டும். காப்பித் தம்ளரைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு நாற்காலியைத் தள்ளக் கூடாது. எவர்சில்வர் தம்ளரின் சூடு தோலை வேகவைத்துவிடும், உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. ஸ்கூட்டரின் சைலன்சர், வெயிலில் காய்ந்த தார்ப்பாய், இறுகிய செருப்பு வார், பைக்குள் மறந்துபோன சாவிக்கொத்து எல்லாம் காயத்துக்கு வழி.

வலி எவ்வளவு பெரிய காவல் என்பதைத் தமிழ்நாட்டிலேயே ஒருவர் ஆராய்ந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்த பால் பிராண்ட், விரல்களைத் தின்பது நோயல்ல, வலி இல்லாமையே என்று கண்டுகொண்டார். உணர்வற்ற விரலை இரவில் எலி கடித்துக்கொண்டு போகிறது, தூங்குபவருக்குத் தெரியவில்லை. அதற்காக நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார். அதே மருத்துவமனையின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். அறுவைசிகிச்சை செய்ய நிற்க வேண்டியதில்லையே, உட்கார்ந்தே செய்யலாமே என்று பிராண்ட் ஊக்கினார். சக்கர நாற்காலியிலிருந்தபடி மேரி தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கினார். தானே வலியுணர்வை இழந்திருந்த ஒருவர், வலியுணர்வை இழந்த கைகளுக்கு வைத்தியம் செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1963இல் வேலூரில் அதற்கெனத் துறை தொடங்கினார். 1966இல் நோயாளிகள் தங்கிப் பழகும் மறுவாழ்வு நிலையமும் வந்தது. வேலூரில் இந்தத் துறையின் வரலாறு ஒரு சக்கர நாற்காலியிலிருந்து தொடங்கியது என்பதை மருத்துவ மாணவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோலுக்கு அடுத்தது சிறுநீர்ப்பை. நிரம்பியது தெரியாது. சில சமயம் தானாகச் சுருங்கி முழுசாகக் காலியாகாமல் நிற்கும். உள்ளே அழுத்தம் ஏறிச் சிறுநீர் மேலே சிறுநீரகத்துக்குத் திரும்பும். ஒரு காலத்தில் தண்டுவடக் காயம் பட்டவர்கள் அதிகமாக இறந்தது சிறுநீரகம் கெட்டுத்தான். 1972இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் ஒரு விஷயத்தை வெளியிட்டார். நாலைந்து மணிக்கொரு தரம் நோயாளியே சுத்தமான குழாயை நுழைத்துச் சிறுநீரை வெளியேற்றினால் போதும், அறுவைசிகிச்சை அரங்கின் கிருமியற்ற சூழல் கட்டாயமில்லை என்றார். பை முழுசாக, முறையாகக் காலியாவதே கிருமியைத் தடுக்கும் என்பது அவர் வாதம். மருத்துவர்கள் முதலில் ஏற்கவில்லை. இன்று உலகம் முழுவதும் இதுதான் வழக்கம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குழாயைச் செருகி, அளந்து ஊற்றி, மணியைக் குறித்துக்கொள்வதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்கூடச் செய்கிறார்கள்.

மார்பின் ஆறாவது மட்டத்துக்கு மேலே அடிபட்டவர்களுக்கு இன்னோர் ஆபத்து உண்டு. இதை உள்ளூர் மருத்துவர்கள் பலர் பார்த்திருக்கமாட்டார்கள். குழாய் அடைத்துப் பை நிரம்பினாலோ மலம் கட்டினாலோ, வலிச் சேதி மூளைக்குப் போக முடியாமல் தண்டுவடத்திலேயே சுழன்று, கீழுடம்பின் ரத்தக்குழாய்களையெல்லாம் இறுக்கிவிடும். ரத்த அழுத்தம் சரசரவென்று ஏறும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகத்தில் வியர்வை. தலைவலி மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தால் பக்கவாதமே வரலாம். செய்ய வேண்டியது நேர்மாறானது: உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, குழாய் எங்கே மடிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடைப்பு நீங்கினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் அழுத்தம் இறங்கும். இந்த நாலு வரியை அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருப்பவர்கள் உண்டு. இதே ஆட்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது. பெங்களூரின் மிதமான காற்றில் சமாளித்துவிடலாம். சித்திரை மாத வேலூரில் ஈரத்துணியும் மின்விசிறியும் இல்லாமல் முடியாது.

இதையெல்லாம் யார் கற்றுத் தருவது? அறுவைசிகிச்சை முடிந்த இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடும் மருத்துவமனைகளில் அதற்கு நேரமில்லை. காக்ஸ் டவுனிலிருந்து குக் டவுன் வழியாக ஹட்சின்ஸ் சாலையில் போனால் லிங்கராஜபுரத்தில் ‘அசோசியேஷன் ஆஃப் பீப்பிள் வித் டிசெபிலிட்டி’ இருக்கிறது. சுருக்கமாக ஏ.பி.டி. போலியோவால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த என்.எஸ். ஹேமா 1959இல் தொடங்கியது. பள்ளி, தொழிற்பயிற்சி, ஜீவன் பீமா நகரில் தோட்டக்கலைப் பயிற்சி என்று விரிந்து, தண்டுவடக் காயம் பட்டவர்களின் மறுவாழ்வுப் பணியும் அதில் சேர்ந்தது. ஆய்க்குடியிலும் தண்டுவடக் காயத்துக்கென்றே தனி மையம் இருக்கிறது. திருவண்ணாமலையில் ப்ரீத்தி ஸ்ரீனிவாசன் 2013இல் ‘சோல்ஃப்ரீ’ தொடங்கினார். தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கிய அவர், 18 வயதில் கடற்கரை விபத்தொன்றில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்.

மூன்று நிறுவனத்தையும் தொடங்கியவர்கள் தாமே உடல் ஊனத்தோடு வாழ்ந்தவர்கள். இதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வழுக்குப் பலகையில் நகரும்போது எந்தக் கையை எங்கே ஊன்ற வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்வார். பேருந்துப் பயணத்துக்கு முந்தின இரவு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், மனைவியிடம் குழாயைப் பற்றி எப்படிப் பேசுவது, பிள்ளை பெற்றுக்கொள்ள முடியுமா என்பதையெல்லாம் பத்து ஆண்டு நாற்காலியில் இருந்த ஒருவரிடம்தான் கேட்க முடியும். அவர் வேலைக்குப் போய்வருவதைக் கண்ணால் பார்த்தபின் புதிதாக அடிபட்டவர் எழுந்து உட்காருகிறார். உறுத்தல் தெரியாத உடம்புக்கு நரம்பு செய்த வேலையைக் கண்ணும் கடிகாரமும் கூட இருப்பவர்களும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். தனியாக ஓர் அறையில் கிடப்பவருக்கு அந்தப் பங்காளிகள் இல்லை. புண் அங்கேதான் வருகிறது.

வீட்டு வாசலுக்கு வருவோம். இந்திய விதிகள்படி சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். மழைநீருக்குப் பயந்து இரண்டடி அடித்தளம் போட்டுக் கட்டிய வீட்டுக்கு 24 அடி சாய்தளம் வேண்டும். காக்ஸ் டவுனின் குறுக்குத் தெருக்கள் சிலவற்றில் தெருவின் அகலமே அவ்வளவு இருக்காது. நேராக நீட்டாமல் சுவரோரமாகத் திருப்பிப் போடலாம், அல்லது கைப்பிடி வைத்து ஒருவர் தள்ளும்படி சரிவைச் சற்றுக் கூட்டலாம். அடுத்தது கழிப்பறைக் கதவு. நாற்காலியின் அகலம் 65 சென்டிமீட்டர் என்றால், பழைய வீட்டின் இரண்டடிக் கதவில் நுழையாது. கதவைக் கழற்றித் திரை போட்டுவிட்டால் ஐந்து சென்டிமீட்டர் கிடைக்கும். தெருவுக்கு இறங்கினால் சாக்கடை மேல் போட்ட கற்பலகைகள் ஏறியிறங்கிக் கிடக்கும். நடைபாதை என்று பெயர், நாற்காலி போகாது. வண்டிகளோடு வண்டியாகச் சாலையில்தான் போக வேண்டும்.

வேலை என்று வரும்போது எல்லோரும் திறமையைப் பற்றிப் பேசுகிறார்கள். நடைமுறையில் முதல் கேள்வி கழிப்பறை. நாற்காலி நுழையும் கழிப்பறை இல்லாத அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. கல்லும் கிருமியும் அப்படித்தான் வருகின்றன. ஒரு கதவின் அகலம் ஒருவரின் சிறுநீரகத்தை முடிவுசெய்கிறது. வேலைக்குப் போய்வர வண்டி அடுத்த கேள்வி. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசனின் குழு உருவாக்கிய ‘நியோஃப்ளை’ நாற்காலி உடம்பளவு பார்த்துச் செய்வது. அதில் ‘நியோபோல்ட்’ என்ற மோட்டாரை முன்னால் மாட்டினால் மணிக்கு 25 கிலோமீட்டர் ஓடும். நாற்காலியிலிருந்து இறங்காமலே ஊருக்குள் போகலாம். உடம்புக்குப் பொருந்தாத இலவச நாற்காலியில் உட்காருவதைவிடப் பொருத்தமானதில் உட்காருவது புண்ணையும் தோள்வலியையும் குறைக்கும். ஆயுளெல்லாம் உடம்பின் எடையைத் தூக்குவது தோள்கள்தான், அவை சீக்கிரம் தேய்ந்துவிடுகின்றன.

சட்டமும் கைகொடுக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, அரசுப் பணியில் இருக்கும்போது ஊனமுற்ற ஊழியரை வேலையைவிட்டு நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்கிறது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். விபத்துக்குப் பின் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் குடும்பங்களுக்கு இதை யாராவது அந்த வாரமே சொல்ல வேண்டும். பொதுக் கட்டடங்களில் சாய்தளமும் கழிப்பறையும் வேண்டும் என்ற விதி பரிந்துரையாக மட்டும் இருந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது சட்டத்துக்கு முரண் என்று சொல்லி, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது.

‘மறுபடி நடப்பேனா?’ அடிபட்டவர் முதலில் கேட்பதும், வீட்டார் கடைசிவரை கேட்பதும் இதுதான். கேள்விக்கு நேர்மையான பதில் உண்டு. ஆசனவாய்ப் பகுதியில் சிறிதேனும் உணர்வோ அசைவோ மிச்சமிருந்தால் காயம் முழுமையற்றது, முதல் ஓராண்டில் கணிசமாகத் திரும்பக்கூடும். அதுவுமில்லை என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகள் கைகால் நரம்பு போல மறுபடி வளர்வதில்லை. சுற்றியுள்ள மேலுறையும் தழும்பும் வளர்ச்சியைத் தடுக்கின்றன. ஸ்டெம் செல் ஊசி போட்டால் எழுந்து நடக்கலாம் என்று நிலத்தை விற்கவைப்பவர்கள் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள்படி தண்டுவடக் காயத்துக்கு இது சிகிச்சையே அல்ல. அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே தரலாம். ஆய்வில் சேர்பவரிடம் பணம் வாங்கக் கூடாது.

நம்பிக்கை வேறு பக்கம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசானில் கிரெகுவார் குர்தீனும் ஜோஸ்லின் பிளாக்கும் தண்டுவடத்தின் மேல் மின்முனைகளைப் பதித்து, பல ஆண்டுக்கு முன் அடிபட்ட மூவரைத் தாங்கலோடு நடக்கவைத்ததை 2018இல் வெளியிட்டார்கள். 2023இல் மூளையின் சேதியைக் கம்பியில்லாமல் தண்டுவடத்துக்கு அனுப்பி ஒருவரை நடக்கவைத்தார்கள். கழுத்தின் தோல்மேல் வைத்து மின்தூண்டல் தந்து கைவிரல் பலத்தைக் கூட்டும் கருவிக்கு 2024 டிசம்பரில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. நாற்காலியில் இருப்பவர்கள் பலருக்கு நடையைவிட விரல் முக்கியம் என்பதால் எனக்கு அந்தக் கடைசிச் செய்திதான் பெரிது.

இப்படிப்பட்ட ஆய்வுகளில் ஆளைச் சேர்க்கும்போது கேட்கும் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். ஆறாத படுக்கைப்புண் இருக்கக் கூடாது. மூட்டுகள் மடங்கி இறுகிப்போயிருக்கக் கூடாது. சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். நாளைக்கு ஒரு சிகிச்சை வந்தால் அது முதலில் போய்ச் சேருவது கைக்கண்ணாடியில் தோலைப் பார்த்து, மணி பார்த்துக் குழாய் போட்டு, தினமும் மூட்டுகளை நீட்டி மடக்கி வந்தவர்களிடம்தான்.